நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஓவியம்: பூக்களை நிறத்தால் பிடிப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது. பல வருடங்களாக பிரஷைத் தொடவில்லை, மறுபடி ஆரம்பிக்க ஆசை. பூக்களை விறைப்பில்லாமல், நிறத்துக்கு முதலிடம் கொடுத்து, வாட்டர்கலரில் வரைய வேண்டும். ஆனால் தாளை எடுத்து உட்கார்ந்தால் பென்சில் அவுட்லைனுக்குள் நிறம் நிரப்பும் பழைய பழக்கம்தான் வருகிறது. அதை விட்டுவிட்டு வேகவேகமாகப் பூசினால் எல்லாம் சேறாகிவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பூவைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. பூ அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. முகம் வரையும்போது ஒரு கண் நூலளவு தள்ளிப்போனாலும் பார்க்கிற குழந்தைகூட கண்டுபிடித்துவிடும். பூவில் ஒரு இதழ் அரை அங்குலம் நீண்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, அந்தப் பூவே அப்படித்தான் போல என்று நினைத்துக்கொள்வார்கள். உருவத்தில் பூ தாராளமாக விட்டுக்கொடுக்கும். நிறத்தில் மட்டும் கறாராக இருக்கும். நிழலில் இருக்கும் மஞ்சள் இதழுக்குக் கறுப்பைக் கலந்து பாருங்கள், அழுக்குப் பச்சையாகி பூ அழுகியது போலாகிவிடும்.

திரும்பி வருகிறவர்களுக்கு இது தோதான ஏற்பாடு. இத்தனை வருடத்தில் கைப்பழக்கம் போயிருக்கும், ஆனால் கண் சும்மா இருந்திருக்காது. படங்கள் பார்த்துப் பார்த்து ரசனை ஏறியிருக்கும். கண் கேட்பதைக் கை கொடுக்க முடியாத இந்த இடைவெளியில்தான் பெரும்பாலோர் சலித்துப்போய் பெட்டியை மூடிவிடுகிறார்கள். நிறத்தைப் பிரித்துப் பார்ப்பது முக்கால்வாசி கண்ணின் வேலை என்பதால், அங்கிருந்து தொடங்கினால் உங்களிடம் ஏற்கெனவே வளர்ந்திருக்கும் பக்கத்தைப் பயன்படுத்திக்கொள்கிறீர்கள்.

இதை வேண்டுமென்றே செய்த பெரிய ஆள் வான்கோ. 1885 வரை மண்ணும் உருளைக்கிழங்கும் போன்ற இருண்ட நிறங்களில் வரைந்துகொண்டிருந்தவர், 1886இல் பாரிஸுக்கு வந்ததும் அந்தக் கோடை முழுக்கப் பூக்களாக வரைந்து தள்ளினார். மாடலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பது ஒரு காரணம். ஹொரேஸ் லிவென்ஸ் என்ற ஆங்கிலேய ஓவிய நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இன்னொரு காரணத்தையும் சொல்கிறார். சிவப்பு பாப்பி, நீலக் கார்ன்ஃபிளவர், வெள்ளை ரோஜா, மஞ்சள் செவ்வந்தி என்று எதை எடுத்தாலும் நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா என்று நிறங்களை மோதவிட்டுப் பார்க்கும் பயிற்சியாகத்தான் வரைந்திருக்கிறார். அப்போது வயது 33. பிரெஞ்சு ஓவியர் ஒடிலோன் ரெதோன் இன்னும் தாமதம். பல பத்தாண்டுகள் கரியிலும் லித்தோகிராப் என்ற கல்லச்சிலும் கறுப்பாகவே படைத்துவிட்டு, ஐம்பதை ஒட்டித்தான் பாஸ்டல் என்ற வண்ணக் குச்சிகளிலும் எண்ணெய் வண்ணத்திலும் நிறத்துக்குள் முழுசாக இறங்கினார். அவருடைய பூங்கொத்துகளைப் பார்த்தால், அவ்வளவு காலம் அடக்கி வைத்த நிறமெல்லாம் ஒரே ஜாடியில் வந்து நிற்பது போல இருக்கும்.

இனி ‘லூஸ்’, அதாவது விறைப்பில்லாமல் வரைவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். குழப்பம் எல்லாம் இங்கேதான். வேகமாக பிரஷை வீசினால் லூஸாக வரும் என்று வீடியோக்கள் நம்ப வைத்துவிட்டன. அந்த வீடியோவில் வெட்டி எறியப்படுவது நிறம் கலக்கும் நேரம். ஒரே தீற்றலில் இதழ் விழுகிறது என்றால், அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு தண்ணீர், பக்கத்து நிறத்தைவிட எவ்வளவு இருட்டு என்பதெல்லாம் தாளைத் தொடும் முன்பே முடிவாகியிருக்கிறது என்று அர்த்தம். முடிவெடுக்காமல் தாளில் போய்த் தேடுகிறவர் ஒரே இடத்தை நாலு முறை தடவுவார். விறைப்பும் சேறும் இரண்டுமே அந்தத் தடவலில் பிறப்பவை. பிரெஞ்சு ஓவியர் மானேயின் பூக்களைப் பாருங்கள், உடல்நலம் குன்றிய கடைசிக் காலத்தில், 1882-83இல், நண்பர்கள் கொண்டுவந்த பூக்களைச் சின்னச் சின்ன கேன்வாஸ்களில் வரைந்தவை. நாலைந்து தீற்றலில் ஒரு இதழ் நிற்கிறது. அவ்வளவு சுலபமாகக் கைவந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம், பிடிக்காவிட்டால் போட்ட வண்ணத்தை மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போடுகிறவர் என்று பேர் வாங்கியவர் அவர்.

ஆகவே என் முதல் ஆலோசனை உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்: முதல் சில நாட்கள் பூவே வரையாதீர்கள். ஒரு பூவை எதிரே வைத்துக்கொண்டு, அதில் தெரியும் நிறங்களை மட்டும் தபால்தலை அளவு கட்டங்களாகப் போடுங்கள். வெளிச்சம் படும் இதழ், நிழலில் இருக்கும் இதழ், நடுப்பகுதி, இலை, பின்னணி. ஐந்து கட்டம் போதும். கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், தனித்தனியாகப் போட்டால் பயன் பாதி போய்விடும். பூவில் எந்த நிறம் அதிகமோ அந்தக் கட்டம் பெரிது, குறைவானது சிறிது. கண்ணை இடுக்கிக்கொண்டு பூவையும் கட்டங்களையும் மாறிமாறிப் பாருங்கள். இந்த ஐந்து கட்டத்தைப் பார்த்தாலே அது இன்ன பூ என்று ஓரளவுக்குத் தோன்றினால், வரைய வேண்டியதில் பெரும்பகுதியை முடித்துவிட்டீர்கள். வான்கோ ஒரு பெட்டியில் கம்பளி நூலுருண்டைகளை வைத்திருந்தார். வெவ்வேறு நிற இழைகளைச் சேர்த்துப் பார்த்து, எது எதன் பக்கத்தில் எப்படி மாறுகிறது என்று அதில் சோதித்திருக்கிறார். அந்தப் பெட்டி இன்னும் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பக்கத்து நிறம் ஏன் இவ்வளவு முக்கியம்? பாரிஸின் கோப்ளான் நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் செவ்ரல் என்பவரிடம், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்தபோது சாயத்தில் கோளாறில்லை, கறுப்பு இழையைச் சுற்றியிருந்த நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டின. 1839இல் இதையே ஒரு தடித்த நூலாக எழுதினார், பிறகு வந்த ஓவியர்கள் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நமக்கு இதில் உள்ள நடைமுறைப் பாடம்: பூ பளிச்சென்று இல்லை என்று தோன்றினால் பூவின் மேல் இன்னும் நிறம் ஏற்றாதீர்கள், பக்கத்தில் இருக்கும் பச்சையை அடக்குங்கள். அந்த இளஞ்சிவப்பையே கொஞ்சம் பச்சையில் கலந்தால் பச்சை சாம்பல் பக்கம் சாயும், இளஞ்சிவப்பு தானாக எழுந்து நிற்கும். டியூபிலிருந்து அப்படியே பிதுக்கிய பச்சை பூவோவியத்தின் முதல் எதிரி என்பது என் கருத்து. நீலமும் மஞ்சளும் கலந்து நீங்களே செய்யுங்கள், ஒரு சொட்டு சிவப்பால் அதன் கூர்மையை உடையுங்கள்.

டியூப்கள் அதிகம் வேண்டாம். குளிர்ச்சியான (எலுமிச்சை போன்ற) மஞ்சள் ஒன்று, குவினாக்ரிடோன் ரோஸ் (நீலச் சாயலுள்ள ரோஜா நிறம்), அல்ட்ராமரைன் (ஊதாச் சாயலுள்ள நீலம்), தாலோ நீலம் (பச்சைச் சாயலுள்ள நீலம்), ஆரஞ்சு சாயலுள்ள ஒரு சிவப்பு. இந்த ஐந்தில் அநேகமாக எல்லாப் பூவும் அடங்கும். குவினாக்ரிடோன் ரோஸைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆரஞ்சு சாயல் சிவப்பு நீல ஒளியை விழுங்கிவிடும், அதோடு அல்ட்ராமரைனைக் கலந்தால் ஊதா வராது, பழுப்புதான் வரும். ரோஸ் அப்படியில்லை, நீல ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் அதிலிருந்து சுத்தமான ஊதாவும் மெஜந்தாவும் கிடைக்கும். இந்த நிறமி 1958 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஓவியர்களுக்கு இப்படி ஒரு நிலையான ரோஜா நிறம் வாய்க்கவில்லை, அதன் விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1890இல் வான்கோ இளஞ்சிவப்புப் பின்னணியில் வரைந்த ஐரிஸ் பூக்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்று வெள்ளைப் பின்னணியோடு இருக்கின்றன. அதே சமயத்தில் வரைந்த இளஞ்சிவப்பு ரோஜாக்களும் வெளுத்துப்போய் வெள்ளை ரோஜாக்களாக நிற்கின்றன. இன்றும் ஆபரா பிங்க் என்ற பெயரில் வரும் மின்னும் இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் நிற்காது, அலிசரின் கிரிம்சன் என்ற பழைய கருஞ்சிவப்பும் அப்படித்தான். டியூபின் முதுகில் நிறமிக் குறியீடு இருக்கும்: பிவி19 என்றால் குவினாக்ரிடோன், பிஆர்83 என்றால் அலிசரின். பயிற்சி நோட்டுக்குள் மூடியே இருக்கப்போகிறது என்றால் ஆபரா பிங்கையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள், சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

சிக்கனம் பிடிப்பதென்றால் வண்ணத்தில் பிடியுங்கள், தாளில் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாள் ஈரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். மலிவான தாளில் நீங்கள் அடுத்த நிறத்தைத் தொடுவதற்குள் ஓரம் காய்ந்து கோடாகிவிடும், நீங்கள் விடுபட நினைக்கும் அவுட்லைனைத் தாளே போட்டுக்கொடுக்கும். தாளைப் போஸ்ட்கார்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள், பிரஷ் பத்தாம் எண்ணோ பன்னிரண்டோ இருக்கட்டும். சின்னத் தாளில் பெரிய பிரஷ் இருந்தால் இதழின் நரம்பை வரைய உங்களால் முடியாது, அது நல்லதுதான்.

ஒரே ஒரு சிவப்புச் செம்பருத்தியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், நான் சொல்வது அங்கே தெளிவாகும். ஜன்னல் ஓரத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் வையுங்கள். ‘சிவப்பு’ என்று மனசு சொல்லும், அதை நம்பாதீர்கள். ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கும் இதழின் மேற்பரப்பில் வானத்தின் வெளிச்சம் பட்டு நீலம் கலந்த ஒரு வெளிர் ரோஜா பளபளப்பு இருக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டும் இதழில் வெளிச்சம் ஊடுருவி வரும், அங்கேதான் சிவப்பு ஆரஞ்சு பக்கம் போய், பூவிலேயே மிகச் செறிவாக எரியும். நிழல் பக்கம் என்று நாம் இருட்டாக்கிவிடும் இடம் பல நேரம் இதுதான். இரண்டு இதழ் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஒளி இரண்டு தடவை வடிகட்டப்பட்டு அடர்ந்த மெஜந்தாவாகிறது. தொண்டைக் குழியில் கருஞ்சிவப்பு, அதற்குக் கொஞ்சம் தாலோ நீலம் சேர்த்த ரோஸ் போதும், கறுப்பு வேண்டாம். ஆக நாலு சிவப்பு. இந்த நாலையும் பாலெட்டில் நாலு குளமாகக் கலந்து வைத்துக்கொண்ட பிறகுதான் தாளைத் தொட வேண்டும்.

எரியும் ஆரஞ்சுச் சிவப்பில் தொடங்குங்கள், இதழுக்கும் இதழுக்கும் நடுவில் மயிரிழை அளவு உலர்ந்த தாளை விட்டுவிட்டு. எங்காவது இரண்டு இதழ் தொட்டு நிறம் ஒன்றாக ஓடினால் விட்டுவிடுங்கள், ஓரம் தொலையும் அந்த இடத்தில்தான் பார்ப்பவர் கண் மூச்சு வாங்கும். அப்புறம் தாளைச் சாய்த்து அதன் மேல் விழும் பளபளப்பைக் கவனியுங்கள். கண்ணாடி மாதிரி மின்னும்போது தொண்டையின் கருஞ்சிவப்பை வைத்தால் அது இதழ் முழுக்கப் பரவிப்போகும். மினுமினுப்பு அடங்கி, பட்டுத்துணி போல மங்கிய ஒளி மட்டும் இருக்கும்போது வைத்தால், மெல்ல வேர் பிடித்தாற்போல் வெளியே இழைந்து நிற்கும். ஒளி முற்றிலும் போய், தொட்டால் மட்டும் சில்லென்று இருக்கும் கட்டத்தில் தண்ணீர்ப் பிரஷோடு போனால் முடிந்தது கதை: புதுத் தண்ணீர் பழைய நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை போடும். தாளில் இருக்கும் ஈரத்தைவிட பிரஷில் இருக்கும் கலவை கெட்டியாக இருக்க வேண்டும் என்ற ஒரே கணக்கை மனசில் வைத்துக்கொண்டால் வாட்டர்கலரில் பாதி விபத்து நடக்காது. வாட்டர்கலர் காய்ந்தால் வெளுக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஈரமாக இருக்கும்போது ‘கொஞ்சம் அதிகமோ’ என்று பயப்படும் அளவுக்குப் போட்டால்தான் காய்ந்த பிறகு சரியாக இருக்கும்.

சேறு பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சேறு என்று ஒரு நிறம் இல்லை. அதே பழுப்புச் சாம்பல் ஒரு இலை நிழலில் அருமையாக உட்காரும், இதழ் நடுவில் வந்தால் சேறு. அது வருவதற்கு வழக்கமான காரணம் பாதி காய்ந்த இடத்தை மூன்றாம் முறை தொடுவது. அடுத்த காரணம் எதிர் நிறங்களைச் சம அளவில் கலப்பது. ஒன்று தெளிவாக மேலோங்கினால் சாம்பலுக்கும் ஒரு சாய்வு இருக்கும், உயிரோடு இருக்கும். மூன்றாவதை யாரும் சந்தேகிப்பதில்லை: பூவும் இலையும் பின்னணியும் ஒரே டோனில், அதாவது ஒரே அளவு இருட்டில், இருப்பது. நிறம் எவ்வளவு மாறினாலும் இருட்டும் வெளிச்சமும் மாறாவிட்டால் படம் கலங்கிய தண்ணீராகத்தான் தெரியும். படத்தை போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், ஒரு நொடியில் புரிந்துவிடும்.

அவுட்லைன் பழக்கத்துக்குப் பென்சிலை ஒளித்துவைப்பது தீர்வாகாது. பூ உருவத்தை மன்னிக்கும் என்று சொன்னேன், அதற்கு ஒரு விலக்கு உண்டு. பூ எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் காம்பு பூவின் மையத்தில் போய்ச் சேருகிறதா என்ற இரண்டும் பிசகினால் எவ்வளவு நல்ல நிறமும் காப்பாற்றாது, பூ காம்பின் மேல் ஒட்டவைத்தது போல நிற்கும். ஆகவே பென்சிலால் ஒவ்வொரு பூவுக்கும் சாய்ந்த ஒரு நீள்வட்டம், அதன் நடுவிலிருந்து காம்புக்கு ஒரு கோடு, அவ்வளவு மட்டும் போடுங்கள். இதழ்களைக் குறிக்க வேண்டாம். அவற்றை நிறத்தாலேயே கண்டுபிடிக்க வேண்டும். இது ஒன்றும் புதுமை இல்லை, 17ஆம் நூற்றாண்டில் சீனாவின் யுன் ஷோபிங் மைக்கோடு இல்லாமல் நேரடியாக நிறத்தாலேயே பூக்களை வரைந்து புகழ்பெற்றவர். அவருடைய இதழ்கள் துல்லியமானவை, மென்மையானவை. கோடில்லாமல் வரைவதற்கும் கண்டபடி வரைவதற்கும் சம்பந்தமில்லை என்று புரிய அவரைப் பார்த்தால் போதும்.

வெள்ளைப் பூவுக்கு மட்டும் வழி தலைகீழ். முதலில் பின்னணி, பிறகு இலை, கடைசியில் பூவின் நிழல். பூவையே தொடாமல் அதைச் சுற்றி இருப்பதை வரைந்தால் பூ வெளிப்படும். வெள்ளைப் பூவில் உண்மையான தாள் வெள்ளை மிகக் கொஞ்ச இடத்தில்தான் இருக்கும். மற்றதெல்லாம் இலையிலிருந்து தெறித்த பச்சை, வானத்து நீலம், மகரந்தத்தின் மஞ்சள் கலந்த சாம்பல்கள். ஒரு வாரம் வெள்ளைப் பூக்கள் மட்டும் வரைந்தால் நிறம் பார்க்கும் கண் வேறு ஆளுடையதாகிவிடும்.

போட்டோவைப் பார்த்து வரையலாமா என்று பலரும் கேட்பார்கள். வேறு பொருளுக்குச் சரி, சிவப்பு, மெஜந்தா பூக்களுக்கு வேண்டாம். போன் கேமராவில் சிவப்பு அளவு உச்சத்தில் முட்டிக்கொண்டு, நான் மேலே சொன்ன நாலு சிவப்பும் ஒரே தட்டையான திட்டாகிவிடும். எதிரே இருக்கும் பூவிலும் நேரத்தைப் பார்க்க வேண்டும். அந்தி மங்க மங்க கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருண்டுபோகும், நீலமும் பச்சையும் தாக்குப்பிடிக்கும். பர்கின்யே என்ற செக் அறிவியலாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூக்களைப் பார்த்தே இதைக் கவனித்தார். மாலையில் தொடங்கிய சிவப்பு ரோஜாவை இருட்டும்வரை திருத்திக்கொண்டே இருந்தால் மறுநாள் காலையில் அது பூவாக இருக்காது.

ஒரு பூவுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், இதில் கலக்கும் நேரத்தைச் சேர்க்க வேண்டாம். பூவும் காத்திருக்காது. டியூலிப் பறித்த பிறகும் வளர்ந்து வெளிச்சத்தைப் பார்த்து வளையும், செம்பருத்தி மாலைக்குள் சுருண்டுவிடும். அதே பூவை அதே நிலையில் மூன்று போஸ்ட்கார்டு அட்டைகளில் அடுத்தடுத்து வரைவது, மூன்று வெவ்வேறு பூக்களை வரைவதைவிடப் பலன் தரும். முதல் படத்தில் உருவத்தைத் தேடுவீர்கள், மூன்றாவதில் உருவம் கைக்குத் தெரிந்துபோயிருக்கும், நிறத்தை மட்டும் கவனிக்க இடம் கிடைக்கும். மூன்றில் எது நன்றாக வந்தது என்று அன்றைக்கே தீர்ப்பு எழுத வேண்டாம்.

வாட்டர்கலர் ஒத்துவரவில்லை என்றால் கௌவாஷுக்கு (அடியில் இருப்பதை மறைக்கும் வாட்டர்கலருக்கு) மாறுங்கள், திருத்த இடம் கொடுக்கும், காயும்போது வெளிர் நிறங்கள் கொஞ்சம் இருண்டுபோவதைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். அக்ரிலிக்கும் காய்ந்தால் இருளும். நிறத்தைப் படிப்பதற்கு, போட்டது போட்டபடி நிற்கும் மென் பாஸ்டலும் நல்லது, தூசியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால்.

பெரிய தாளுக்குப் போகும் ஆசை சீக்கிரமே வரும். அட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அப்படியே பெரிதாக்க முயன்றால் அதன் உயிர் போய்விடும், ஏனென்றால் அந்தச் சின்ன அட்டையில் ஒரே தீற்றலாக இருந்த இதழ் பெரிய தாளில் பதினைந்து தீற்றலாகிவிடும். அட்டையை நிறக் கலவைக்கான குறிப்பாக மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூவைப் புதிதாக எதிரே வைத்து வரையுங்கள். தாள் நாலு மடங்கானால் பிரஷும் அந்த அளவுக்கு வளர வேண்டும், இரண்டு அங்குலத் தட்டை பிரஷ்கூட பெரிதில்லை. கலவைக் குளங்களை நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு அதிகமாகக் கலந்து வையுங்கள். நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலக்கப் போனால் அதே நிறம் வராது, வருவதற்குள் தாள் காய்ந்திருக்கும்.